குருநகர்க் கடலுக்கு ஒரு வில்லுக்கத்தி: உருக்கைப் பார்த்துத் தெரிவு செய்த ஒரு நிகழ்வு ஆய்வு

வில்லுக்கத்தி, அதாவது மடக்குக்கத்தி, வாங்க நினைக்கிற எவரும் முதலில் கேட்பது, "கூர் எவ்வளவு காலம் நிற்கும்?" என்றுதான். கேள்வியில் பிழையில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் அதற்கு முன்னால் வேறு இரண்டைக் கேட்க வேண்டும். இந்தக் கத்தி இரவில் எங்கே கிடக்கும்? மழுங்கினால் எதில் தீட்டுவீர்கள்? இந்த இரண்டுக்கும் நேர்மையான பதில் கிடைத்துவிட்டால், எந்த உருக்கு என்பது பாதி முடிந்த மாதிரி. ஒரு கடற்தொழிலாளியின் கத்தியை வைத்து இதைச் சொல்கிறேன். அதே கேள்விக்கு ஒரு தோட்டக்காரரிடம் நேர் எதிரான பதில் வந்த கதையும் பின்னால் வரும்.

என் வேலை கொழும்புத்துறைப் பக்கம் ஒரு சிறிய லேத் பட்டறையில். போட் எஞ்சின் உதிரிகள் கடைவதுதான் பிழைப்பு. பின்னேரங்களில் கத்தி, கத்தரிக்கோல், உளி என்று சனம் கொண்டுவருவதைத் தீட்டிக் கொடுப்பேன். குருநகர், பாசையூர்த் தொழிலாளரும் அரியாலை, நீர்வேலித் தோட்டக்காரரும் ஒரே மேசையில்தான் கத்தியை வைப்பார்கள். அதனால் ஒரே உருக்கு வெவ்வேறு கைகளில் எப்படிப் போகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

வந்த கத்தி

குருநகர் அண்ணைக்கு நண்டுவலைத் தொழில். அவருடைய மைத்துனர் கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்த கத்தி அது. கறுப்புப் பிடி, மூன்றரை அங்குல அலகு, அலகில் 'டி2' என்று உருக்கின் பெயர் பொறிப்பு. பார்க்க நல்ல வடிவான சாமான். கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு அவர் சொன்னது இதுதான்:

"தம்பி, நேற்று இதால ஒண்டும் வெட்டேல்லை. கூராத்தான் வைச்சனான். விடியப் பார்த்தால் மொட்டை."

இதை நம்பாத ஆட்கள் உண்டு. வெட்டாத கத்தி எப்படி மழுங்கும் என்பார்கள். கைவில்லையை வைத்துப் பார்த்தால் விளங்கும். அலகின் அகலமான பக்கத்தில் சொல்லும்படி கறள் இல்லை. எட்ட நின்று பார்த்தால் புதுக்கத்தி மாதிரி. கூர் விளிம்பில் மட்டும் மண்ணிறப் பொட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பொட்டுக்குக் கீழேயும் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப்பட்டிருந்தது. நகத்தை மெல்ல ஓட்டினால் பல் பல்லாக இடறியது. மடிக்கும் ஆணியைக் கழற்றினால் உள்ளே செம்மண் நிறத்தில் ஈரப்பசை. எழுத்துப் பொறித்த இடத்தில், 'டி'யின் வளைவில், கறள் குழியாகவே இறங்கத் தொடங்கியிருந்தது.

நன்றாகத் தீட்டிய கூரின் நுனி ஒரு மைக்கிரோமீற்றருக்கும் குறைந்த தடிப்பு. அலகின் பக்கத்தில் அந்த அளவு உருக்கு கரைந்துபோனால் யாருக்கும் தெரியாது. நுனியில் அதே அளவு போனால் கூரே போய்விட்டது. கடலில் திரிகிற கத்தி வெட்டி மழுங்குவதைவிடக் கறளில் மழுங்குவதுதான் கூட. "கூர் நிற்கும் உருக்கு" என்று விற்பனைப் பட்டியலில் போட்டிருப்பது இந்த வகை மழுக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

பன்னிரண்டு சதவீதம் குரோமியம் இருந்தும்

ஓர் உருக்கில் குரோமியம் ஏறத்தாழ 10.5 சதவீதத்தைத் தாண்டினால் அதை ஸ்ரெயின்லெஸ் என்ற கணக்கில் சேர்ப்பார்கள். குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்சைட்டுப் படலம் போடும். கீறினாலும் அந்தப் படலம் தானாக மூடிக்கொள்ளும். 1913 இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹரி பிரியர்லி வார்த்த உருக்கில் 12.8 சதவீதம் குரோமியம் இருந்தது. டி2விலும் 12 சதவீதம் அளவு இருக்கிறது. அப்படியென்றால் இது ஏன் கறள் பிடித்தது?

காபன்தான் வித்தியாசம். பிரியர்லியின் உருக்கில் காபன் 0.24 சதவீதம். டி2வில் 1.5 சதவீதம். காபன் கூடினால் அது குரோமியத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு காபைட்டு என்னும் மிகக் கடினமான சிறு மணிகளாகிவிடும். டி2 நெடுநேரம் வெட்டுவதே இந்த மணிகளால்தான். ஆனால் மணிக்குள் போய் அடைபட்ட குரோமியம் படலம் போட வெளியே வராது. மிச்சமாக உருக்கில் கரைந்து நிற்கும் குரோமியம் 10.5 சதவீதத்துக்கு நன்றாகக் கீழே போய்விடுகிறது. மொத்தக் குரோமியம் எவ்வளவு என்று பார்த்தால் போதாது, அதில் காபன் எவ்வளவைப் பிடித்து வைத்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கத்தி வாங்குகிறவர் உருக்கின் சேர்மானத்தில் இரண்டே இரண்டு எண்ணைப் பார்க்க நேரமிருந்தால், காபனையும் குரோமியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

அப்புறம் உப்பு. கடல்நீரிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை ஓரிரு புள்ளிகளில் துளைத்து உள்ளே இறங்கும். அதனால்தான் கடற்கறள் பரவலாக வராமல் குழி குழியாக வருகிறது. பொறித்த எழுத்து, ஆழமான கீறல், மணல் அடித்துச் சொரசொரப்பாக்கிய மேற்பரப்பு, இவையெல்லாம் அதற்கு வாசல். மினுமினுப்பாக மெருகிட்ட அலகு அதே உருக்கில் செய்த சொரசொரப்பான அலகைவிட நன்றாகத் தாங்கும். எங்கள் குடாநாட்டில் கடலிலிருந்து வெகு தூரம் என்று சொல்ல ஓர் இடமில்லை. சோளகம் வீசுகிற மாதங்களில் வீட்டு யன்னல் கம்பிகூடத் தொட்டால் பிசுபிசுக்கும். ரொறன்ரோவில் அதே டி2 கத்தி வருடக்கணக்கில் பளபளப்பாக இருந்திருக்கும். மைத்துனர் தந்தது கூடாத கத்தி இல்லை. போய்ச் சேர்ந்த இடம்தான் அதற்குப் பொருந்தவில்லை.

இன்னொன்றும் நடந்திருந்தது. மழுங்கிய கத்தியை அண்ணை தெருவோரச் சாணைச் சக்கரத்தில் கொடுத்திருக்கிறார். முனைப் பக்கம் மெல்லிய மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறியிருந்தது. பெரும்பாலான கத்திகளைத் தோய்த்துக் கடினமாக்கிய பிறகு 150 முதல் 250 பாகை செல்சியஸ் வரைக்குள் சூடாக்கித் தணித்திருப்பார்கள். தண்ணீர் விடாமல் சக்கரத்தில் பிடித்தால் மெல்லிய விளிம்பு ஒரு நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். அதோடு அந்த இடத்தின் கடினம் போய்விடும். சாதாரண காபன் உருக்கிலாவது வைக்கோல் நிறம் வந்து எச்சரிக்கும். குரோமியம் கூடிய உருக்கில் நிறம் தெரியவே கூடுதல் சூடு வேண்டும். நிறம் தெரிகிற நேரம் கடினம் எப்போதோ போய்விட்டிருக்கும். எவ்வளவு விலையான உருக்கானாலும் சரி, உலர்ந்த சக்கரத்தில் ஒரு தடவை பிடித்தால் அந்த விளிம்பு தகரம்தான். தண்ணீர் ஊற்றிக் கையால் தீட்டுங்கள் என்று வருகிற எல்லாரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

கத்திக்கு உள்ள வேலை

உருக்கைத் தெரிவதற்கு முன்னால் அண்ணையிடம் நெடுநேரம் பேசினேன். நங்கூரக் கயிறு, நைலோன் நூல், வலையில் சுற்றிய சாதாளை, இரை மீன். அவசரமென்றால் எஞ்சின் விசிறியில் சிக்கிய கயிறு. மொத்தத்தில் கத்தி உண்மையாக வெட்டுகிற நேரம் ஒரு நாளில் சில நிமிடங்கள். மிச்ச நேரமெல்லாம் ஈரச் சாரத்தின் மடிப்பிலோ, போட்டின் அடிப்பலகையில் தேங்கிய தண்ணீரிலோ கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் கழுவுவீர்களா என்று கேட்டேன். "களைச்சு வந்தால் நினைவு வராது தம்பி" என்றார். அந்தப் பதில் எனக்குப் பெரிய உதவி. கழுவாத இரவுகளையும் சேர்த்துத் தாங்குகிற உருக்குத்தான் வேண்டும்.

தீட்டுவதற்கு அவரிடம் இருந்தது ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கிற இருபக்கக் கல்: ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். வைரத்தகடு கிடையாது, வாங்கும் எண்ணமும் கிடையாது. ஆக, அந்தக் கல்லுக்கு மசிகிற உருக்காகவும் இருக்க வேண்டும்.

சாதாரண காபன் உருக்கை முதலிலேயே விலக்கினோம். மிச்சம் இருந்தவை இவை. சுவிற்சர்லாந்து விக்ரோரினொக்ஸ் கத்திகளில் போடுகிற 1.4110 வகை: காபன் 0.5 சதவீதம் அளவில், குரோமியம் 15 அளவில், கடினத்தை அளக்கிற ரொக்வெல் அளவில் 55, 56. கறளுக்கு நன்றாகத் தாங்கும், எந்தக் கல்லிலும் தீட்டலாம், ஆனால் நைலோன் கயிற்றில் விரைவாகக் களைத்துவிடும். சுவீடனின் 12சி27: காபன் 0.6, குரோமியம் 13.5. மலிவான சீனக் கத்திகள் பலவற்றில் வருகிற 8சிஆர்13எம்ஓவி: காபன் 0.8, குரோமியம் 13. அப்புறம் 14சி28என்: காபன் 0.62, குரோமியம் 14, கூடவே 0.11 சதவீதம் நைதரசன்.

கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் நிற்க வேண்டும். சான்ட்விக் நிறுவனத்திடம் முகச்சவர அலகுகளுக்கான 13சி26 என்ற உருக்கு இருந்தது. மிக நுண்ணிய மணி, அருமையான கூர். அமெரிக்காவின் கேர்ஷா கத்திக் கம்பனி அதே குணத்தோடு கறளுக்கு இன்னும் தாங்குகிற ஒன்றைக் கேட்டபோது பிறந்ததுதான் 14சி28என். காபனைக் கூட்டினால் கடினம் வரும், ஆனால் குரோமியத்தைப் பறித்துக்கொள்ளும் என்று மேலே பார்த்தோமல்லவா? காபன் செய்கிற வேலையில் ஒரு பகுதியை இங்கே நைதரசன் செய்கிறது, ஆனால் குரோமியத்தை அந்த அளவுக்குப் பறிப்பதில்லை. உருக்கைச் செய்கிறவர்கள் கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனமான வழிகளில் இது ஒன்று என்பது என் எண்ணம். 2022 இலிருந்து அந்த உருக்குப் பிரிவு அலெய்மா என்ற பெயரில் தனிக் கம்பனியாக நடக்கிறது.

ஈரத்துணியில் ஓர் இரவு

பேச்சை விட்டு அண்ணைக்குக் கண்ணால் காட்டுவது நல்லது என்று பட்டது. பட்டறையில் கையிலிருந்த கத்திகளை எடுத்தேன்: ஒரு பழைய காபன் வில்லுக்கத்தி, அவருடைய டி2, ஒரு 8சிஆர்13, ஒரு 12சி27, என்னுடைய 14சி28என். எல்லாவற்றையும் ஒரே கல்லில், பக்கத்துக்கு ஏறத்தாழ 20 பாகையில் தீட்டி, பேப்பரை வழுக்காமல் வெட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, குருநகர் இறங்குதுறையில் அள்ளிவந்த தண்ணீரில் நனைத்த சாரத் துண்டில் தனித்தனியாகச் சுற்றி இரவு முழுக்க வைத்தேன்.

விடியப் பிரித்தபோது காபன் கத்தியின் துணியே செம்மஞ்சளாகியிருந்தது. டி2வில் துணி மடிப்பு அழுத்திய இடமெல்லாம் கோடு கோடாகக் கறள். விளிம்பில் மறுபடியும் அந்தப் பொட்டுகள். 8சிஆர்13 அலகு துப்புரவு, ஆனால் பொறித்த எழுத்துக்குள் இரண்டொரு மண்ணிறப் புள்ளி. 12சி27இலும் 14சி28என்னிலும் உப்புக் கறை தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. துடைத்துவிட்டுப் பேப்பரில் வைத்தபோதுதான் அண்ணையின் முகம் மாறியது. டி2 பேப்பரைக் கிழித்தது. 12சி27 முதல் நாள் போலவே இறங்கியது.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் பார்த்தோம். எல்லாவற்றையும் மறுபடி தீட்டி, உலர்ந்த நைலோன் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டினோம். அதில் டி2தான் கடைசிவரை நின்றது, சந்தேகமே இல்லை. 14சி28என் அதற்குப் பின்னால், 12சி27 அதற்கும் கொஞ்சம் பின்னால். இது ஆய்வுகூடச் சோதனை இல்லை. தோய்ச்சல் (சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கிய விதம்) வேறு, அலகின் தடிப்பு வேறு. ஆனால் அண்ணை பயப்படுகிற விசயத்தில் வித்தியாசம் பெரிது, அவர் ஆசைப்படுகிற விசயத்தில் வித்தியாசம் சிறிது என்பது இருவருக்கும் தெளிவாகத் தெரிந்தது.

முடிவு 14சி28என். மூன்று அங்குல அலகு போதும் என்றேன். முனை கூராக நீண்டு இருக்காமல், முதுகு வளைந்து இறங்குகிற மொட்டை முனையாக எடுத்தோம். ஆடுகிற போட்டில், கயிறு இழுபடுகிற நேரத்தில், கூர் முனை தொடையிலோ பக்கத்து ஆளிலோ ஏறிவிடும். மாலுமிகளின் கத்திகள் நெடுங்காலமாக இந்த வடிவில் வந்ததற்கு அதுவே காரணம். பல்லு வைத்த விளிம்பு நைலோனை நன்றாகப் பிடிக்கும் என்று கடையில் சொல்வார்கள், உண்மையும்தான். ஆனால் அவருடைய தட்டைக் கல்லில் அந்தப் பல்லைத் தீட்ட முடியாது. வெறும் விளிம்பை எடுத்து, கல்லின் சொரசொரப்புப் பக்கத்திலேயே தீட்டி நிறுத்தச் சொன்னேன். மிக நைசாக மெருகேற்றிய கூர் நைலோனில் வழுக்கும். சொரசொரப்பான கல் விட்ட நுண்ணிய பல்லுகள் கயிற்றைக் கடித்துப் பிடிக்கும்.

அலகு மட்டும் கத்தி இல்லை. பிடிக்குள் இருக்கிற தகடு, பூட்டு, ஆணி, பிடியைச் சட்டைப்பையில் மாட்டுகிற கொளுக்கி எல்லாம் உருக்குத்தான், ஆனால் அவை என்ன உருக்கு என்று எவரும் பெட்டியில் எழுதுவதில்லை. அலகு பளபளப்பாக இருக்க உள்தகடு கறளில் ஊதிப் பூட்டு இறுகிப்போன கத்திகள் மேசைக்கு வந்திருக்கின்றன. ஆகவே முதுகுப் பக்கம் திறந்த, தண்ணீர் ஊற்றினால் மறுபக்கத்தால் வழிந்தோடுகிற கட்டமைப்புப் பார்த்தோம். மடிப்பில் குண்டுபோல் உருளும் பெயாரிங் வேண்டாம், வெண்கலத் தட்டு வளையம் போதும். பெயாரிங்குக்குள் போன உப்பும் மணலும் இலகுவில் வெளியே வராது. மரப்பிடி வேண்டாம், ஈரத்தில் ஊதி அலகை இறுக்கிப் பிடிக்கும். பிடி செம்மஞ்சள் நிறம். போட்டின் அடியில் விழுந்தால் தேட வேண்டுமே.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் வற்புறுத்தினேன். கழுவுவதென்றால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். குருநகரிலும் தீவுப் பக்கத்திலும் பல கிணறுகள் சவர். சவர்த்தண்ணீரில் கழுவி அப்படியே வைத்தால் உப்பைத் திரும்பப் பூசின மாதிரி. குடிக்கிற தண்ணீர் ஒரு குவளை போதும். துடைத்து, மடிக்கும் ஆணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. அலகு மீனில் படுவதால் அதற்குத் தேங்காயெண்ணெய் பூசலாம். ஆனால் ஆணிக்குள் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். மார்கழி விடியற்காலையில் போத்தலில் உறைகிற எண்ணெய் ஆணிக்குள்ளும் உறையும்.

நீர்வேலியில் மறுபக்கம்

இதே காலத்தில் நீர்வேலி மாமா ஒருவர் வந்தார். வாழைத்தோட்டம், வீட்டில் மாவும் தேசியும் ஒட்டுக்கட்டுகிற பழக்கம். குருநகர் அண்ணையின் கத்தியைப் பற்றிக் கேள்விப்பட்டு, "எனக்கும் அந்தக் கறள் பிடியாததே எடுத்துத் தாரும்" என்றார். அவர் கையிலிருந்த கத்தியை வாங்கிப் பார்த்தேன். பரிஸில் இருக்கிற மகன் அனுப்பிய ஒப்பினெல், காபன் அலகு. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890 இல் செய்யத் தொடங்கிய கத்தி. அலகைத் திருகிப் பூட்டுகிற வளையம் 1955 இல் வந்தது. காபன் 0.9 சதவீதம் அளவு, குரோமியம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

அலகு முழுக்கச் சாம்பல், கறுப்பு. வாழைக்கயரும் மாம்பால் சாறும் பட்டுப் பட்டு வந்த நிறம். சிவப்பு எங்கேயும் இல்லை. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் சாரத்தில் துடைத்து மடிப்பது மாமாவின் கைப்பழக்கம். அவர் அதைச் செய்கிறார் என்பது அவருக்கே தெரியாது. காபன் உருக்கில் கறுப்பு வேறு, சிவப்பு வேறு. கறுப்புப் படிந்தால் அது ஓரளவு காவல். சிவப்பைக் கண்டால் உடனே தேய்த்து எடுக்க வேண்டும்.

ஒட்டுக்கட்டுவதற்கு வெட்டு முகம் கண்ணாடி போல இருக்க வேண்டும். நசிந்தால் ஒட்டாது. நுண்ணிய மணி கொண்ட காபன் உருக்கு சாதாரணக் கல்லில் சில இழுப்பிலேயே அந்தக் கூருக்கு வந்துவிடும், தீட்டும்போது விளிம்பில் எழும் பிசிரும் சுத்தமாகக் கழலும். தேசிப்புளி பட்டால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான் தொல்லை. அவருடைய கத்தியையே தீட்டிக் கொடுத்து, இதை விட வேண்டாம் மாமா என்று அனுப்பினேன். "அப்ப கடலுக்கு ஒண்டு, தோட்டத்துக்கு ஒண்டோ?" என்றார். ஓம் என்றேன்.

மாமாவை விடுங்கள், பனையேறுகிறவரின் பாளைக்கத்தியைப் பாருங்கள். ஊர்க் கொல்லர் அடித்த சாதாரண உருக்கு. அலகு மெல்லிசு. பாளை சீவுவதற்கு அது எப்போதும் முகச்சவரக் கூரில் இருக்க வேண்டும், அதனால் அடிக்கடி தீட்டுவார்கள். அந்தத் தொழிலில் ஒருவரும் "ஆறு மாதம் கூர் நிற்கும் உருக்கு" தேடியதில்லை. இலகுவில் கூருக்கு வருகிற உருக்கும், மெல்லிய அலகும், தீட்டத் தெரிந்த கையும் அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கின்றன. அலகின் தடிப்பை மறந்துவிட்டு உருக்கின் பெயரில் மட்டும் காசைக் கொட்டுகிற இளம் ஆட்களுக்கு இதைத்தான் காட்டுவேன். கூருக்குப் பின்னால் ஒரு மில்லிமீற்றர் தடித்த அலகு, எந்த உருக்கானாலும் மாங்காயைப் பிளக்குமே தவிர வெட்டாது.

விலையான பெயர்கள்

வெளிநாட்டு உறவினர் அனுப்புகிற கத்திகளில் எஸ்30வி, மக்னாகட் என்ற பெயர்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. எஸ்30வி 2001 இல் அமெரிக்காவின் குருசிபிள் கம்பனி கத்திக்கென்றே கொண்டுவந்தது, 4 சதவீதம் வனேடியம். வனேடியம் காபைட்டு, சாதாரண தீட்டுக்கல்லிலுள்ள அலுமினியம் ஒட்சைட்டைவிடக் கடினம். கல் உருக்கைத் தேய்க்கும், மணியைத் தேய்க்காது. வைரத்தகடு இல்லாத வீட்டில் இந்தக் கத்தி முதல் மழுக்கத்தோடு மேசை லாச்சிக்குள் போய்விடுகிறது.

மக்னாகட் வேறு மாதிரி. லாரின் தோமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021 இல் வெளிவந்தது. குரோமியம் 10.7 சதவீதம்தான், டி2வை விடக் குறைவு. ஆனால் குரோமியம் காபைட்டு உண்டாகாதபடி வனேடியம், நயோபியம், நைதரசனைக் கொண்டு சேர்மானத்தைக் கணக்கிட்டிருக்கிறார். குரோமியம் முழுக்கக் கரைந்து நிற்பதால் கறளுக்கு டி2 கிட்டவே வராத அளவு தாங்கும். மேலே சொன்ன கணக்கு சரி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. வைரத்தகடும் காசும் இருக்கிறவருக்குத் தாராளமாகச் சொல்வேன்.

காசு என்பது சின்ன விசயமில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்குப் போன பிறகு, இறக்குமதிக் கத்தி வாங்குவது இங்கே யோசித்துச் செய்கிற செலவு. அதனால்தான் பெரும்பாலும் உறவினர் கையில் வருகிறது. கொண்டுவருகிறவர் கைப்பையில் வைக்காமல் ஏற்றிவிடும் பெட்டிக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே போய்விடும்.

அலகில் பொறித்த பெயர் உண்மையா என்ற கேள்வியும் உண்டு. காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். கத்தி உருக்கு ஏறத்தாழ எல்லாமே காந்தத்தில் ஒட்டும், அதில் ஒன்றும் தெரியாது. தேசிக்காய்ச் சாறு ஒரு துளியை அலகில் விட்டு அரை மணி நேரம் விடுங்கள். சாம்பல் நிறம் விழுந்தால் அது ஸ்ரெயின்லெஸ் இல்லை. அதற்கு மேல் எந்த உருக்கு என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. பெயர் உண்மையாக இருந்தாலும் தோய்ச்சல் சரியில்லாவிட்டால் பயனில்லை. அமெரிக்காவின் பக் கம்பனி 420எச்சி என்ற எளிய உருக்கை, 0.45 சதவீதக் காபனை வைத்துக்கொண்டு, நல்ல தோய்ச்சலால் ரொக்வெல் 58 வரை கொண்டுபோய் மரியாதையான கத்தியாக விற்கிறது. பெரிய பெயர் பொறித்த, தோய்ச்சல் தெரியாத கத்தியை விட நான் அதைத்தான் எடுப்பேன்.

இப்போது

அண்ணையின் புதுக்கத்தி ஒரு சோளகத்தையும் ஒரு வாடையையும் கடந்துவிட்டது. விளிம்பில் பொட்டு இல்லை. அவரே தீட்டுகிறார், கோணம் கொஞ்சம் அகன்றுவிட்டது, அதை இரண்டொரு தடவை நான் இறக்கிக் கொடுத்தேன். கறள் வந்தது கொளுக்கியைப் பிடிக்கிற சின்னத் திருகாணிகளில்தான். ஸ்ரெயின்லெஸ் ஆணி போட்டுக் கொடுத்தேன். டி2வை அவர் எறியவில்லை. விளிம்பில் சூடு தின்ற பகுதியைத் தண்ணீர்க் கல்லில் அரைத்து எடுத்துச் சரிசெய்து கொடுத்தேன். அவருடைய மகன் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு கடையில் காட்போட் பெட்டி வெட்டப் பாவிக்கிறான், அங்கே அதற்கு நிகர் இல்லை.

அண்ணையின் தம்பி இப்போது கடலட்டைப் பண்ணையில் வேலை. தனக்கும் அதே கத்தி வேண்டும் என்று கேட்டு வந்தார். அவருடைய கத்தி நாள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். அதற்கு 14சி28என்னும் போதாது. ஸ்பைடர்கோ கத்திகளில் முன்னர் வந்த எச்1 என்ற உருக்கு இருக்கிறது: காபன் 0.15 சதவீதம், குரோமியம் 14, நிக்கல் 7, நைதரசன் 0.1. கடல்நீரில் போட்டாலும் கறள் பிடிப்பதில்லை என்றே சொல்லலாம். நைதரசன் 0.4 சதவீதம் கொண்ட எல்சி200என்னும் அந்த வரிசைதான். இரண்டும் விலை. அதோடு தண்ணீருக்குள் கையுறையோடு மடக்குக்கத்தியைத் திறப்பதே ஆபத்து. மடிக்காத, உறையில் செருகுகிற சின்ன 12சி27 கத்தி ஒன்றை எடுங்கள், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள் என்றேன். உறையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.